ஃபார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

கம்ப்யூட்டர் திறக்கவில்லையா? ஃபார்மட் அடி. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்து நிற்கிறதா? ஃபார்மட் அடி. நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியது, இன்று காலையில் மட்டும் மக்கர் செய்கிறதா? அதற்கும் ஃபார்மட்தான். தலைவலி, வயிற்றுவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பவரைப் போலி டாக்டர் என்று போலீஸில் பிடித்துக் கொடுக்கிறோம். ஆனால் எல்லாக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம் செய்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை மட்டும் கைராசிக்காரர் என்கிறோம்!

நான் சொல்ல வருவது இதுதான். கம்ப்யூட்டர் துவங்கும்போது வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் ஃபார்மட் அடிப்பது ரிப்பேர் அல்ல. அடுத்தவர் சொத்தைக் கேட்காமல் அழிப்பது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் நேராக வந்து நிற்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் முதலில் விழிக்கிறது (புதிய கம்ப்யூட்டர்களில் யூஇஎஃப்ஐ). மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் பூட் லோடர் என்ற ஒரு சின்ன புரோகிராமைத் தேடிப் பிடித்து அதனிடம் வேலையை ஒப்படைக்கிறது. அந்தச் சின்ன புரோகிராம்தான் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பி விடுகிறது.

எவ்வளவு சின்னது? பழைய முறையில் டிஸ்க்கின் முதல் செக்டர் வெறும் 512 பைட். அதில் 446 பைட் பூட் கோடு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அவ்வளவுதான். 500 ஜிபி டிஸ்க்கில் இந்த 446 பைட் கெட்டுப் போனால் கம்ப்யூட்டர் திறக்காது. ஆனால் மீதி எல்லாம், உங்கள் போட்டோ, கணக்கு, புராஜெக்ட், பாட்டு எல்லாம், வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பொங்கியபோது, ஏரல் பாலத்துக்கு ஏறும் சாலையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் நின்றவர்களுக்கு ஊருக்குள் வர வழியில்லை. அதற்காக "ஏரல் அழிந்துவிட்டது, மொத்தத்தையும் இடித்துவிட்டுப் புதிதாக ஒரு ஊர் கட்டலாம்" என்று எந்த எஞ்சினியராவது சொன்னாரா? சாலையைத்தான் சரி செய்தார்கள். பூட் லோடர் கோளாறும் இதேதான். வழிதான் அறுந்திருக்கிறது. ஊர் இருக்கிறது.

அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் சேற்றோடு சேறாகிப் போயின. மாடியில் இருந்ததால் ஒரு பழைய லேப்டாப் மட்டும் தப்பியது. அந்த வீட்டு அக்கா அதில் குடும்பப் போட்டோக்கள் அத்தனையையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அடுத்த வருஷம் ஒருநாள் அது கறுப்புத் திரையோடு நின்றது. கடைக்கு எடுத்துப் போனார்கள். "ஒண்ணும் பண்ண முடியாதுக்கா, ஃபார்மட்தான் அடிக்கணும்" என்றார்கள். சாயங்காலம் லேப்டாப் பளிச்சென்று திரும்பி வந்தது. உள்ளே ஒரு போட்டோகூட இல்லை. வெள்ளம் விட்டு வைத்ததை ஒரு பென்டிரைவ் கொண்டு போய்விட்டது. கேட்டால், "நீங்க பேக்கப் எடுக்கச் சொல்லலையே" என்று பதில் வேறு!

கடைக்காரர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் வேலை பார்ப்பது இரண்டு பேர், மேஜையில் கிடப்பது பத்து மெஷின். கோளாறைத் தேடினால் பத்து நிமிஷமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். ஃபார்மட் அடித்தால் ஒரு மணி நேரத்தில் நிச்சயம் முடியும், யோசிக்கவும் வேண்டாம். நாமும் "எப்பக் கிடைக்கும் அண்ணாச்சி, எவ்வளவு ஆகும்?" என்று இரண்டே கேள்விதான் கேட்கிறோம். "என் ஃபைல் என்ன ஆகும்?" என்று கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு எந்தக் கடையிலும் பதில் கிடைக்காது.

அப்படியென்றால் படித்த நாமாவது சரியா? கம்ப்யூட்டர் படிக்கிற எங்களுக்கு "பூட் லோடர் என்றால் என்ன?" என்பது இரண்டு மார்க் கேள்வி. மூன்று வரி எழுதினால் முழு மார்க். ஆனால் லேபில் ஒரு மெஷின் "கிரப் ரெஸ்க்யூ" என்று காட்டி நின்றால், அந்த மூன்று வரி எழுதியவனே முதல் ஆளாகச் சொல்வான், "மச்சான், ஃபார்மட் அடிச்சிரலாம்டா" :-)

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டம் என்றால் இரண்டையும் எழுப்புவது கிரப் என்ற ஒரே பூட் லோடர். அதற்குத் தேவையான ஃபைல்கள் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். "இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு?" என்று விண்டோஸுக்குள் இருந்தபடி பையன் அந்தப் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை கிரப் தன் ஃபைல்களைத் தேடிக் காணாமல் "நோ சச் பார்ட்டிஷன்" என்று புலம்பி நின்றுவிடும். விண்டோஸ் பக்கத்திலேயே முழுசாக இருக்கும்! விண்டோஸ் சிடியைப் போட்டு, ரிப்பேர் பகுதியில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற சேர்க்கையோடு கொடுத்தால் போதும், சில நொடி வேலை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கொடுக்கும் லேப்டாப்போடு, இதைத் தமிழில் சொல்லும் நாலு பக்கப் புத்தகம் ஒன்றையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாமா? 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். அதிலாவது இந்தக் குறை தீர வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. 2024 ஆகஸ்ட் 13-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் அனுப்பியது. கிரப்பில் இருந்த ஒரு பழைய பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக வந்தது அது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷின்களை இது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டது. மறுநாள் உலகம் முழுக்கப் பல பேருடைய லினக்ஸ், "ஏதோ பெரிதாகத் தப்பாகிவிட்டது" என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்தது. முழுத் தீர்வு வர 2025 மே மாதம் ஆனது. அந்த மெஷின்களில் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தாலே லினக்ஸ் திறந்தது. விஷயம் தெரியாமல் அன்றைக்கு ஃபார்மட் அடித்தவர்கள் இழந்ததற்கு யார் பொறுப்பு?

"எல்லாவற்றையும் மீட்க முடியுமா தம்பி?" என்று கேட்பீர்கள். முடியாது. டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால், டக் டக் என்று சத்தம் வந்தால், அது வேறு வியாதி. அதற்கு ஃபார்மட்டும் மருந்து இல்லை. புதிய விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். அதை இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட் அடித்த பிறகும் கொஞ்சம் மீட்க வாய்ப்பு இருந்தது. இப்போதைய எஸ்எஸ்டிகளில் ட்ரிம் என்ற வசதி, அழித்த இடத்தை உடனே காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது. அங்கே ஃபார்மட் என்றால் பெரும்பாலும் போனது போனதுதான்.

ஆகவே கறுப்புத் திரை வந்தால் பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், சொருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். "என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங்", "பூட் எம்ஜிஆர் மிஸ்ஸிங்" என்ற செய்திகளுக்குப் பல சமயம் இதுவே போதும். மெஷின் உங்கள் டிஸ்க்கை விட்டுவிட்டு பென்டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும்!

இரண்டாவது, தேதியும் நேரமும் தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங் மறந்துபோய், எந்த டிஸ்க்கில் இருந்து துவங்குவது என்பதே மாறிவிடும். அதை மாற்றிவிட்டு பயாஸில் வரிசையைச் சரி செய்யுங்கள்.

மூன்றாவது, திரையில் வந்த வரியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நோயின் பெயரே அந்த வரிதான்.

நான்காவது, உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே துவங்குங்கள். டிஸ்க்கைத் திறந்தால் உங்கள் ஃபைல்கள் தெரியும். வேண்டியதை எல்லாம் வெளியே நகல் எடுங்கள். அதற்குப் பிறகுதான் பூட் லோடரில் கை வைக்க வேண்டும். விண்டோஸ் என்றால் பூட்ரெக், லினக்ஸ் என்றால் கிரப் இன்ஸ்டால்.

இதெல்லாம் நமக்கு வராது என்று தோன்றினால் கடைக்கே போங்கள், தப்பில்லை. ஆனால் மெஷினை மேஜையில் வைப்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, முதல்ல என் ஃபைலை எடுத்து வையுங்க. என்ன எர்ரர்னு சொல்லுங்க. எனக்கு போன் போட்டுக் கேக்காம ஃபார்மட் அடிக்காதீங்க." பில்லிலும் அதை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.