வழி கேட்பது இழுக்கன்று



கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி வாழும் ஊருக்கு நீங்கள் செல்லும் பயணம் இரு பகுதிகளை உடையது. தில்லியிலிருந்து சென்னை வரையுள்ள ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவைத் தொடர்வண்டியில் கடக்கின்றீர்கள். பெட்டி எண், படுக்கை எண், சென்று சேரும் நேரம் ஆகிய அனைத்தும் முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன. சென்னையில் இறங்கிய பின்னர்ப் பேருந்துப் பயணம் தொடங்குகின்றது. ஊருக்குச் செல்லும் பேருந்து எப்போது வரும், அமர இடம் கிடைக்குமா, கடைசிச் சிற்றூர் வரை அது செல்லுமா என்பவற்றை எவரும் உறுதியாகக் கூற இயலாது. பலர் முதற்பகுதியை விரும்பி, இரண்டாம் பகுதியைத் தொல்லை எனக் கருதுகின்றனர். என் கருத்து வேறு. பிறரை நம்பவும் பிறர்க்கு உதவவும் நமக்குக் கற்றுத் தருவது அந்த இரண்டாம் பகுதியே.

பணி மாறுதலால் சில ஆண்டுகள் நான் இமாச்சலப் பிரதேசத்தில் வாழ்ந்தேன். இமயம், மலைகளுள் இளமையானது, இன்றும் உயர்ந்துகொண்டிருப்பது. மழைக்காலத்தில் அதன் சரிவுகளில் நீர் ஊறி, மண்ணும் பாறையும் பெயர்ந்து சாலையை மூடிவிடும். ஓர் ஆகஸ்டு மாத மாலையில், மண்டி நகரிலிருந்து குலு நோக்கி நான் சென்ற பேருந்து, பியாஸ் ஆற்றங்கரைச் சாலையில் பண்டோ அணைக்கு அருகில் நின்றுவிட்டது. முன்னே மண் சரிந்திருந்தது. வழி எப்போது திறக்கும் என்று கேட்டோம். "இயந்திரம் வந்தால்தான் தெரியும்" என்றார் நடத்துநர். கைப்பேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. எனக்கோ அப்போது இந்தி அரைகுறையாகவே பேச வரும்.

முதல் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் தத்தம் பையைப் பற்றியபடி அமர்ந்திருந்தோம். பின்னர் ஒரு மூதாட்டி தம் துணிமூட்டையை அவிழ்த்துச் சப்பாத்தியும் ஊறுகாயும் எடுத்து, அருகில் இருந்தோர்க்கெல்லாம் பகிர்ந்தளித்தார். இளைஞர் இருவர் மேட்டில் விளக்கு எரிந்த ஒரு வீட்டுக்கு ஏறிச் சென்று குடிநீர் கொணர்ந்தனர். ஒரு தாய், உறங்கும் குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டுக் கைகழுவச் சென்றார். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. நள்ளிரவு கடந்த பின் வழி திறந்தது. நான் இறங்கவேண்டிய இடம் வந்ததும், வீட்டுக் கதவை நான் திறக்கும் வரை ஓட்டுநர் பேருந்தை அங்கேயே நிறுத்தி, முகப்பு விளக்கின் ஒளியை என் வழியில் பாய்ச்சினார்.

பேருந்து உரிய நேரத்தில் சென்றிருந்தால் இவர்களுள் ஒருவரையும் நான் அறிந்திருக்க மாட்டேன். மண்சரிவு நல்லது என்று நான் கூறவில்லை. அது உயிரையும் பறிக்கக்கூடிய இடர். ஆயினும் நம் திட்டம் கைவிட்டுப்போகும் பொழுதில், அருகில் இருப்போரின் இயல்பு நமக்குத் தெரிய வருகின்றது. அவ்வியல்பு பெரும்பாலும் நல்லதாகவே இருக்கின்றது.

இதற்கு மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. நெரிசல் மிக்க நகரப் பேருந்தைப் பாருங்கள். நடத்துநரை அணுக இயலாத பயணி, தம் பணத்தை முன்னால் நிற்பவரிடம் கொடுக்கின்றார். அது ஐந்தாறு கைகள் மாறி நடத்துநரைச் சேர்கின்றது. பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே குறையாமல் திரும்பி வருகின்றன. நிற்பவர் தம் பையை அமர்ந்திருப்பவர் மடியில் வைக்கின்றார். தில்லியிலும் திருச்சியிலும் நாள்தோறும் நிகழும் செயல் இது. முன்பின் அறியாதவர் மீது நாம் கொள்ளும் நம்பிக்கை இல்லையேல், நெரிசல் நேரத்துப் பேருந்து ஒரு நாளும் ஓடாது.

"அறியாதவரிடம் பேசாதே என்று அம்மா கூறுகின்றாரே!" என நீங்கள் கேட்கலாம். அம்மா கூறுவது சரியே. தீயோரும் பயணம் செய்கின்றனர். எனினும், பேசாதிருப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. யாரிடம், எங்கே, எவ்வாறு கேட்பது என்று அறிவதும் பாதுகாப்பே. சீருடை அணிந்த நடத்துநரிடமோ, காவலரிடமோ, குழந்தையுடன் வரும் தாயிடமோ கேளுங்கள். பலர் நடுவே நின்று கேளுங்கள். ஒருவர் கூறியதை மற்றொருவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். வழி சொல்பவரை நம்பலாம். தம்முடன் தனியே வருமாறு அழைப்பவரைப் பின்தொடரலாகாது. இடர் நேர்ந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவி எண் 112 ஆகியவற்றை நினைவில் கொள்ளுங்கள். அச்சத்தை அறிவாக மாற்றிக்கொள்வதே வளரும் பிள்ளைகளுக்கு அழகு.

"கைப்பேசியில் வரைபடம் இருக்கையில் எதற்காகப் பிறரைக் கேட்க வேண்டும்?" என்பது மற்றொரு வினா. வரைபடம் வழியைக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் சாலைப் பணியால் நிறுத்தம் இன்று காலை எதிர்ப்புறம் மாற்றப்பட்டதைத் தேநீர்க் கடைக்காரர் கூறுவார். "இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் உட்காரு தம்பி" என்று வரைபடம் சொல்லாது. தெரியாததைத் தெரியாது எனக் கூறிக் கேட்பதற்குச் சிறிது துணிவு வேண்டும். அத்துணிவு வகுப்பறையிலும் பயன்படும்.

வழிப்போக்கரைப் பேணுதல் நம் மரபு. பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வழிகூறி வள்ளலிடம் அனுப்புவது அவற்றுள் பெரும்பாலானவற்றின் பொருள். அந்த ஐந்தனுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மலைவழியின் இடர்களையும், வழியில் உணவளித்து உபசரிக்கும் மக்களையும் விரித்துரைக்கின்றது. கோடையில் நீர்மோர் வழங்கும் தண்ணீர்ப் பந்தல்களை நம் ஊர்களில் இன்றும் காணலாம்.

இது தமிழருக்கு மட்டும் உரிய பெருமையும் அன்று. 1606ஆம் ஆண்டில் குரு அர்ஜன் தேவ் செய்த உயிர்த்தியாகத்தை நினைவுகூரும் சீக்கியர், கடுங்கோடையில் சாலையோரங்களில் 'சபீல்' அமைக்கின்றனர். பேருந்துகளை நிறுத்தி, சன்னல் வழியே குளிர்ந்த இனிப்புப் பானத்தை அனைவர்க்கும் வழங்குகின்றனர். வாங்கிப் பருகுபவரின் மொழியையோ சமயத்தையோ எவரும் கேட்பதில்லை.

இத்தகைய உதவிகளை உதவியவர்க்கே திருப்பிச் செலுத்த இயலாது. அந்த மூதாட்டியை நான் மீண்டும் காணப்போவதில்லை. அவர் தந்த சப்பாத்திக்கு உரிய கைம்மாறு, அடுத்து எதிர்ப்படும் அறியாத மனிதருக்கே செல்ல வேண்டும். இங்கேதான் மற்ற பிள்ளைகளுக்கு எளிதில் வாய்க்காத ஒரு வாய்ப்பு உங்களுக்கு இருக்கின்றது. பீகார், சார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பலர் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கும் தமிழகத்தின் கட்டுமானப் பணிகளுக்கும் வருகின்றனர். பேருந்தின் முகப்பில் தமிழில் எழுதப்பட்ட ஊர்ப்பெயரைப் படிக்க இயலாமல், பையுடன் நிற்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்கள் பெற்றோரும் ஒரு காலத்தில் இந்தப் பெருநகரத்தின் பேருந்து நிலையத்தில் அவ்வாறே நின்றிருப்பர். யாரோ ஒருவர் அவர்களுக்கு வழி காட்டியிருப்பார்.

நீங்கள் தமிழும் படிப்பீர்கள், இந்தியும் பேசுவீர்கள். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அப்படி ஒருவர் தயங்கி நிற்கக் கண்டால், பெற்றோருடன் அருகே சென்று "எங்கே போக வேண்டும், பையா?" என்று கேளுங்கள். அவருக்கு உரிய பேருந்தைக் காட்டி, அவர் இறங்கவேண்டிய இடத்தை நடத்துநரிடமும் தமிழில் கூறிவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். தேர்வுக்காக மட்டும் நீங்கள் தமிழ் கற்கவில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

சிந்தித்து விடை எழுதுக

1. நெரிசல் மிக்க பேருந்தில் பணமும் பயணச்சீட்டும் கைமாறும் நிகழ்வை ஆசிரியர் எதற்குச் சான்றாகக் காட்டுகின்றார்?

2. அறியாதவரிடம் வழி கேட்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய மூன்று நெறிகளைக் கூறுக.

3. இந்த நகருக்கு முதன்முதலாக வந்தபோது தமக்கு உதவிய ஒருவரைப் பற்றி உங்கள் பெற்றோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.