ஒரே பெட்டிக்குள் அம்மன் காசும் பறவையும்

பொறியியல் கல்லூரியில் சி++ படிக்கும் மாணவர்களிடம் இன்ஹெரிட்டன்ஸ் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு முறை எழுதிய கோடை மறுபடி எழுதாமல் பயன்படுத்த' என்று மனப்பாடமாகப் பதில் வரும். தவறில்லை, ஆனால் அரைப் பதில். வெவ்வேறு கிளாஸ்களின் ஆப்ஜெக்ட்களை ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்க முடிவதுதான் அதன் பெரிய பயன் என்பேன். ஷேப், சர்க்கிள் என்று படம் போட்டுக் காட்டுவதோடு பாடத்தை முடித்துவிட்டால் இது மனதில் பதியாது.

எங்கள் புதுக்கோட்டையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கப்பட்டது. பாடம் செய்த பறவைகள், செப்புத் திருமேனிகள், பாறைகள், ஆயுதங்கள், பழைய நாணயங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இவற்றுக்கு ஒரு பட்டியல் புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'அரும்பொருள்' என்பது பேஸ் கிளாஸ். பதிவு எண்ணும் பெயரும் அதில் இருக்கும். 'நாணயம்' கிளாஸில் கூடுதலாக எடை, உலோகம். 'பறவை' கிளாஸில் இனத்தின் பெயர்.

இப்போது அரும்பொருள் வெக்டர் ஒன்றை உருவாக்கி, அதில் சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்றைப் போடுகிறீர்கள். கம்பைலர் வாயே திறக்காது. திரும்ப எடுத்துப் பார்த்தால் பதிவு எண்ணும் பெயரும்தான் இருக்கும். எடையும் உலோகமும் போயே போச்சு! வெக்டரின் ஒவ்வொரு அறையும் அரும்பொருளின் அளவுக்குக் கட்டப்பட்டது. அதில் அடங்காததை விட்டுவிட்டு மீதியை மட்டும் சி++ காப்பி செய்கிறது. இதற்கு ஸ்லைசிங் என்று பெயர். டர்போ சி++-ல் சாதாரண அர்ரே வைத்து எழுதினாலும் இதே கதைதான். புரோகிராம் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தகவல் தொலைவதுதான் ஆபத்து.

எனவே ஆப்ஜெக்ட்களுக்குப் பதில் பேஸ் கிளாஸ் பாயிண்டர்களை வெக்டரில் வையுங்கள். 'விவரம் காட்டு' என்ற ஃபங்ஷனை பேஸ் கிளாஸில் ப்யூர் விர்ச்சுவலாக அறிவியுங்கள். அப்படிச் செய்தால், நீங்கள் மறந்துபோய் ஆப்ஜெக்டையே போட முயன்றாலும் கம்பைலர் விடாது. டிஸ்ட்ரக்டரும் விர்ச்சுவலாக இருக்கட்டும். டெலீட் செய்யும் வேலையை 2011 ஸ்டாண்டர்டில் வந்த யுனிக் பாயிண்டரிடம் விட்டுவிடலாம்.

பிளஸ் டூவில் பைத்தான் படித்துவிட்டு வருபவர்கள் சிரிப்பார்கள்: 'லிஸ்டில் எதை வேண்டுமானாலும் போடலாமே, இதற்கா இவ்வளவு பாடு?' போடலாம், யார் வேண்டாம் என்றது? சிக்கல் எடுக்கும்போதுதான் வரும். ஜாவாவில் 2004-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான் ஜெனரிக்ஸ் வந்தது. அதற்கு முன்பு அர்ரேலிஸ்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றையும் காஸ்ட் செய்ய வேண்டும். பறவையை நாணயம் என்று காஸ்ட் செய்தால் புரோகிராம் ஓடும்போது எக்ஸப்ஷன் வரும். ஜெனரிக்ஸ் வந்த பிறகும் எல்லாவற்றையும் 'ஆப்ஜெக்ட்' என்றே போட்டுவைத்து, எடுக்கும்போது 'நீ நாணயமா, பறவையா' என்று இன்ஸ்டன்ஸ்-ஆஃப் போட்டு விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். நாளை 'வாள்' என்று புதிய கிளாஸ் சேர்ந்தால் இந்த இஃப் வரிசைகளை எல்லாம் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

ஆகவே கன்டெய்னரை எழுதும் முன் ஒரு தாளை எடுத்து, அதில் போகும் எல்லா ஆப்ஜெக்ட்களும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை எழுதுங்கள். 'உன் பதிவு எண் என்ன', 'எந்த அறையில் இருக்கிறாய்' போன்றவை தேறும். 'உன் எடை எத்தனை கிராம், என்ன உலோகம்' என்பதை நாணயத்திடம் கேட்கலாம். மைனாவிடம் கேட்க முடியாது. ஒரு கேள்வியும் தேறவில்லை என்றால் தனித்தனி வெக்டர் போதும்.

இரண்டும் தேவைப்பட்டால் இரண்டும் இருக்கட்டுமே. பொதுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் யுனிக் பாயிண்டர். எடைவாரியாகத் தேட நாணயங்களுக்கு மட்டும் சாதாரண பாயிண்டர்கள் கொண்ட இன்னொரு வெக்டர். ஒரே காசை இரண்டு பட்டியல்களும் சுட்டும். ஆனால் டெலீட் செய்யும் பொறுப்பு முதல் பட்டியலுக்கு மட்டுமே. அங்கே ஒரு பதிவை நீக்கும்போது இரண்டாவதிலிருந்து அதன் பாயிண்டரை முதலில் எடுத்துவிடுங்கள்.