திண்ணைப் பேச்சு: மனத்துக்கு மருந்திடுவோரின் மனம்



இரண்டாண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, கூடத்து வாசலில் காபி அருந்தியவாறு சிலர் அளவளாவிக் கொண்டிருந்தோம். பேச்சு மனநல மருத்துவர்கள்பால் திரும்பிற்று. "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவருக்குப் பாதிப் பைத்தியம் முன்னரே பிடித்திருக்கும்" என்றேன் நான். அனைவரும் நகைத்தனர். என் அருகில் நின்ற நண்பர் ஒருவரும் நகைத்தார். அந்த நகைப்புக்கு அவர் வீட்டில் கொடுத்த விலையை ஏழு மாதங்கள் சென்ற பின்னரே அறிந்தேன். அதனைச் சொல்லுமுன், நான் சொன்ன வேடிக்கையில் உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

ஓரளவு உண்மை இருக்கத்தான் செய்கிறது. வியன்னா நகரத்து சிக்மண்ட் ஃபிராய்டையே எடுத்துக்கொள்வோம். பிறருடைய பழக்கங்களின் வேரைத் தேடிய அவரால் தம்முடைய சுருட்டை விட இயலவில்லை. நாளொன்றுக்கு இருபது சுருட்டு வரை புகைப்பார். 1923இல் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. சுருட்டு மட்டும் நிற்கவில்லை. பழங்காலச் சிலைகளை வாங்கிக் குவிப்பது அவருடைய மற்றொரு மோகம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அவரிடம் சேர்ந்திருந்தன.

நோயாளியைச் சாய்மஞ்சத்தில் படுக்க வைத்து, மருத்துவர் தலைமாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் அமரும் முறையை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். அதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று வியப்பானது. நாள்தோறும் எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பதைத் தம்மால் பொறுக்க முடியவில்லை என்று 1913இல் அவரே எழுதினார். ஒரு மனிதரின் கூச்சம் உலகெங்கும் ஒரு வைத்திய முறையின் அடையாளமாயிற்று!

மனநோய்களை வகைப்படுத்துவதில் வழிகாட்டியான ஜெர்மானியர் எமில் கிரேப்பிலின் மதுவை அறவே வெறுத்தவர். கனவில் தம் வாயில் வரும் குழறிய சொற்களை விழித்தவுடன் குறித்து வைப்பது அவர் வழக்கம். நோயாளிகளின் குழறலுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையை ஆராய்ந்து, 1906இல் அதனை நூலாகவே வெளியிட்டுவிட்டார். சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங், ஃபிராய்டைப் பிரிந்து மனம் கலங்கியிருந்த காலத்தில், ஏரிக்கரையில் கூழாங்கற்களைப் பொறுக்கிச் சிறுவனைப் போல வீடும் கோயிலும் கட்டி விளையாடினார். பின்னர் 1923இல் போலிங்கன் என்னுமிடத்தில் ஒரு கற்கோபுரம் எழுப்பத் தொடங்கினார். அங்கே மின்விளக்கு கிடையாது. விறகைத் தாமே பிளந்து சமைப்பார்.

நாம் குடியேறி வாழும் இக்கல்கத்தாவும் இவ்வரிசையில் பின்தங்கவில்லை. மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் பார்சிபாகான் சந்தில் வாழ்ந்தவர். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர். அவர் ஃபிராய்டை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆயினும், "தாங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று ஓவிய நண்பர் ஒருவர் கற்பனையில் வரைந்த படத்தை அவருக்கே அனுப்பி வைத்தார்! 1931இல், ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு, இங்கிருந்து தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்று சென்றது. சிலைப் பித்தரான அந்தப் பெரியவர் அதனைத் தம் எழுதுமேசையிலேயே வைத்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் கேட்டு, "நீர் சொன்னது சரிதானே" என்று நேயர் கேட்கலாம். இல்லை என்பேன். வழக்கறிஞரிலும், ஆசிரியரிலும், நம் அலுவலகத்துத் தலைமை எழுத்தரிலும் இத்தகைய விசித்திரங்கள் இல்லையா? மனநல மருத்துவரிடம் மட்டும் நாம் அவற்றைத் தேடிப் பிடிக்கிறோம். ஏனெனில், அவரிடம் செல்ல நமக்கு அச்சம். அச்சத்தை மறைக்க நகைப்பைவிட வசதியான திரை வேறில்லை.

மேலும், சில வேளைகளில் ஊரார் பித்து என்று நினைப்பதே பெரும் நன்மையாக முடிவதுண்டு. 1950களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் இருந்தார். நோயாளியைச் சுவருக்குள் விட்டுவிட்டு உறவினர் ஊர் திரும்புவதே அந்நாளைய நடைமுறை. அவரோ மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அடித்து, "தாயும் தந்தையும் மனைவியும் இங்கேயே உடன் தங்குங்கள்" என்றார். உடன் தங்கியவர்கள் நோயைப் புரிந்துகொண்டனர். குணமடைந்தவரை அச்சமின்றி இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறைக்கு நம் நாட்டில் அந்தக் கூடாரங்கள் முன்னோடியாயின.

இப்போது என் நண்பர் கதைக்கு வருகிறேன். தந்தையார் காலமானபின் தம் தாயாரைத் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து இங்கே அழைத்து வந்திருந்தார். மூன்றாவது மாடியில் குடியிருப்பு, அக்கம்பக்கத்தில் பேச்சுத் துணையில்லை, மொழியும் தெரியாது. அந்த அம்மாள் மெல்ல மெல்ல உணவைக் குறைத்தார், விடியுமுன் விழித்து இருளில் அமர்ந்திருந்தார், "நான் ஏன் இன்னும் இருக்கிறேன்?" என்று கேட்கத் தொடங்கினார். அலுவலகத்து அன்பர் ஒருவர் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். அச்சமயத்தில்தான் என் வேடிக்கை அவர் காதில் விழுந்தது. "அண்ணா, நீங்களே அப்படிச் சொன்னபிறகு அம்மாவை அங்கே அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை" என்று பின்னர் அவர் கூறியபோது, நான் தலைகுனிந்தேன். அதற்குள் அந்த அம்மாள் பாதியாக இளைத்துவிட்டிருந்தார்.

ஒருவழியாக அழைத்துச் சென்றனர். அந்த வங்காளி மருத்துவருக்கும் ஒரு விசித்திரம் இருந்தது. வரும் நோயாளி ஒவ்வொருவரிடமும் அவரவர் தாய்மொழியில் ஒரு சொல்லைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அம்மாளிடம், தினமும் உண்ணும் அரிசிக்குத் தமிழில் என்ன பெயர் என்று மகன் வாயிலாகக் கேட்டார். "புழுங்கலரிசி" என்றார் அம்மாள். மருத்துவர் வங்காள எழுத்தில் எழுதி, அதைப் படாதபாடு படுத்தி உச்சரித்தார். "அப்படி இல்லை, நாக்கை மடியுங்கள்" என்று அம்மாள் திருத்தினார். பல மாதங்களுக்குப் பின் அவர் பிறருக்குச் சொன்ன முதல் நீண்ட வாக்கியம் அதுவே. குணப்படுத்தியது குறிப்பேடு அன்று. வேளை தவறாத மாத்திரைகளும், வாரந்தோறும் நடந்த உரையாடலும், மாலையில் தமிழ் பேசும் இரு பெண்மணிகளின் வருகையுமே. ஆனால், அம்மாள் இரண்டாம் முறை அங்கே செல்ல இசைந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்பேடுதான்.

எனவே, மருத்துவர் மேசையில் மூன்று கடிகாரம் இருந்தாலும், அவர் ஒரே சட்டையை ஆண்டு முழுதும் அணிந்தாலும் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு. காது கொடுத்துக் கேட்கிறாரா? நோயாளியை இழிவாகப் பேசாதிருக்கிறாரா? கேட்டதை வெளியே சொல்லாதிருக்கிறாரா? இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளிக்கு அளித்திருக்கும் உரிமை. இவற்றில் குறை கண்டால் வேறு மருத்துவரை நாடுங்கள். மருத்துவத்தையே கைவிட வேண்டாம்.

முதலடி எடுத்து வைக்கத் தயங்குவோர்க்கு, 2022இல் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி உதவி இரவும் பகலும் உண்டு. எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் தமிழைத் தேர்ந்து பேசலாம். தாய்மொழியில் அழவும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

அந்த அம்மாள் இந்தப் பொங்கல் விழாவில் நம் சங்கத்துச் சமையற்கட்டில் நின்று அதிகாரம் செய்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் அந்தப் பழைய வேடிக்கையை இப்பொழுது சொல்வதில்லை. வேறு யாரேனும் சொன்னால், காபியைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறேன்.