வலி சொல்லாததைச் சூடு சொல்லும்!

பண்ருட்டி முந்திரித் தோப்பில் உழைப்பவன் காலில் முள் தைத்தால் துடிப்பான். நீரிழிவால் நரம்பு மரத்தவனோ துடிப்பதில்லை; புண் புரையோடிய பிறகே அறிகிறான். விரல் போகும், கால் போகும், குடும்பத்தின் கஞ்சியும் போகும்!

பணக்காரர் நோயாம் இது! நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, 2023இல். அத்தனை பேரும் மாளிகைவாசிகளா?

புண் வெடிக்குமுன் அவ்விடம் கனலும். இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு நீடித்தால் ஆபத்து என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. வெப்பப் படக்கருவி, தொடாமலே அதைக் காட்டிவிடும்.

2021இல் கழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' கண்டது. மாத்திரை குடிசை வாசலுக்கு வந்தது. அதே வாசலுக்குக் கருவியும் வரட்டும் என்கிறோம். வந்தால் போதுமா? கனல் கண்ட காலுக்கு முதல் மருந்து ஓய்வு. நாட்கூலிக்கு ஓய்வென்றால் பட்டினியன்றோ! ஆகவே, ஓய்வு நாளுக்கு உதவித்தொகையும் வேண்டும். இல்லையேல் கருவி ஆபத்தைக் காட்டும்; காலைக் காக்காது.

தோழர்களே! அதுவரை காத்திராதீர். இரவுதோறும் பாதத்தைப் பாருங்கள்; செருப்பின்றி நடவாதீர்; சிவப்போ வீக்கமோ கண்டால் அன்றே ஆரம்பச் சுகாதார நிலையம் செல்லுங்கள். கொடி பிடிக்கக் கை வேண்டும். ஊர்வலம் போகக் கால் வேண்டும்!