போத்தலில் எழுதாத பாதி

கிருமிநாசினியைத் தண்ணீரில் ஊற்றியதும் அது பால்போல் வெளுப்பதைக் கண்டிருப்பீர்கள். அப்படி வெளுக்கும் போத்தலில் நஞ்சு மட்டும் இல்லை. நஞ்சைக் கரைத்து வைத்திருக்கும் சைலீன் போன்ற கரைப்பானும், அதைத் தண்ணீரோடு சேர்க்கும் சவர்க்காரத்தன்மையுள்ள பொருளும் உண்டு. லேபலில் நஞ்சின் பெயரும் வீதமும் இருக்கும். மிச்சம் என்னவென்று பெரும்பாலும் இருப்பதில்லை. இது சரியல்ல என்பதே என் கருத்து.

நமது இரத்தத்திலுள்ள செங்குழியம் ஒட்சிசனைச் சுமந்து ஏறத்தாழ 120 நாள் உழைக்கும் ஒரு சிறு பை. அந்தப் பையின் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அமைந்தது. கொழுப்பைக் கரைக்கும் பொருள் அதற்குள் நுழைந்து அடுக்கை இளக்கும். பரிசோதனைக் குழாயில் இரத்தத்துக்குப் போதிய அளவு கரைப்பானையோ சவர்க்காரத்தையோ சேர்த்தால் சவ்வு உடைந்து, கலங்கலாயிருந்த இரத்தம் சிவப்புச் சாயம்போல் தெளிந்துவிடும். ஒருநாள் மருந்தடித்தவர் உடம்பில் இப்படி நடந்துவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. தோலால் ஊறும் அளவு அதைவிட மிகக் குறைவு. ஆனால் தோலின் எண்ணெய்ப்பசையை அகற்றி நஞ்சுக்கு வழிவிடுவதும் இதே குணந்தான். மருந்துபட்ட கையை மண்ணெண்ணெயால் கழுவுகிறவர்கள் அந்த வழியை இன்னும் அகலமாக்குகிறார்கள். சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போதும்.

அதே சவ்வின் வெளிப்புறத்தில் அசற்றைல்கோலினெஸ்ரரேஸ் என்னும் நொதியம் பதிந்திருக்கிறது. ஓகனோபொஸ்பரஸ் நஞ்சுகள் முடக்குவது இதைத்தான். நரம்புகளுக்கும் இந்த நொதியமே வேண்டும். ஆகவே சிறிது இரத்தத்தைச் சோதித்தால் நரம்புக்கு நேர்ந்ததை ஓரளவு அறியலாம். ஆளுக்காள் அளவு மாறுவதால், மருந்தடிக்கும் காலத்துக்கு முன்பே ஒருதரம் அளந்து வைத்திருக்க வேண்டும். கூலிக்கு மருந்தடிப்பவருக்கு இதை யார் செய்து கொடுக்கிறார்கள்?

கரைப்பான் வெறும் சுமைகாவி என்பார்கள். 2012இல் வெளியான ஆய்வொன்றில், டைமெதொயேற் நஞ்சைப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சைக்கிளோஹெக்சனோன் என்ற கரைப்பான் இல்லாத கலவை, கடையில் விற்கும் கலவையைவிட மிகக் குறைந்த தீங்கே செய்தது. டைமெதொயேற் இலங்கையில் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தவற்றின் கரைப்பான்களை யார் கேட்டார்கள்?

காணியை விட்டு வந்து அயலார் தோட்டத்தில் மருந்தடிப்பவர், முதலாளி கலந்து கொடுத்த தாங்கியைத்தான் முதுகில் ஏற்றுகிறார். போத்தலைக் காண்பதே இல்லை. அதைக் காட்டும்படி கேளுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நஞ்சோடு கரைப்பானின் பெயரையும் அளவையும் தமிழிலும் சிங்களத்திலும் லேபலில் எழுதவேண்டும் என்று கமக்காரர் சங்கங்கள் விவசாயத் திணைக்களத்தைக் கேட்கவேண்டும்.