கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வரட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து வகுப்பைப் பூட்டப் போகும்போது ஒரு பிள்ளையின் உம்மா போனை நீட்டினார். "டீச்சர், பாங்கு சொல்ற இந்த அப் நான் எங்க இருக்கன் எண்டு எந்த நேரமும் பாக்க விடட்டாம். ஓம் எண்டு அமத்தவா?" எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. எங்கள் போன்களில் நாங்களும் வாசிக்காமலே ஓம் என்று அமத்தியவர்கள்தான்.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நியாயமான பக்கம். செயலி செய்பவர்களுக்குச் சில தகவல்கள் தேவைதான். ஒரு பழைய போனில் செயலி திறந்ததும் நின்றுபோகிறது என்றால், அது எந்த வகைப் போன், எந்த இடத்தில் பிழைத்தது என்று தெரியாமல் அவர்களால் திருத்த முடியாது. பிள்ளை எந்தக் கணக்கில் பிழை விடுகிறது என்று பார்க்காமல் நாம் படிப்பிக்கிறோமா? ஆகவே ஒன்றுமே எடுக்கக் கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் கொப்பி திருத்துவது வேறு. பிள்ளையின் பின்னால் வீடு வரை போய் எட்டிப் பார்ப்பது வேறு.

தொழுகை நேரம் கணிக்க ஊர் இருக்கும் இடமும் திகதியும் போதும். அந்தக் கணக்கைப் போன் தனக்குள்ளேயே செய்துகொள்ளும். நாம் இருக்கும் இடத்தை இன்னொருவருக்கு அனுப்ப ஒரு தேவையும் இல்லை.

அப்படியிருந்தும் 2020 நவம்பரில் என்ன செய்தி வந்தது? உலகம் முழுவதும் 9 கோடிக்கு மேல் தரவிறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து பாவனையாளர்களின் இருப்பிடத் தரவு 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்கக் கம்பனிக்குப் போகிறது, அந்தக் கம்பனியிடம் வாங்குபவர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள் என்று 'மதர்போர்ட்' என்ற செய்தித் தளம் வெளியிட்டது. இராணுவத்துக்குத் தரவு விற்றோம் என்பதைச் செயலிக்காரர் மறுத்தார்கள். ஆனாலும் 'எக்ஸ்-மோட்' உடனான தொடர்பை முறித்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, வணக்கத்தலங்கள், வைத்திய நிலையங்கள் போன்ற இடங்களுக்கு யார் போனார் என்பதைக் காட்டும் தரவை விற்க அந்தக் கம்பனிக்குத் தடை போட்டது.

"நம்மிடம் மறைக்க என்ன இருக்கு?" என்று சிலர் கேட்பார்கள். 2019ஐ மறந்துவிட்டோமா? ஆடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று எண்ணி ஒரு பெண்ணைத் தடுத்து வைத்த நாடு இது. அவரிடமும் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. நம் தகவலுக்கு என்ன அர்த்தம் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, அது கையில் கிடைத்தவர்தான் முடிவு செய்கிறார்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். எடுக்கட்டும், ஆனால் முதலில் கேட்கட்டும். 50 பக்க ஆங்கிலத்தில் இல்லாமல், அந்த உம்மாவுக்கு விளங்கும் தமிழில் கேட்கட்டும். பிழை திருத்தத் தேவையானதை மட்டும் எடுக்கட்டும். வேண்டாம் என்றாலும் செயலி வேலை செய்யட்டும். எடுத்ததை விற்கக் கூடாது, அது அமானிதம். ஸலாம் சொல்லி அனுமதி கிடைத்த பிறகே அடுத்தவர் வீட்டுக்குள் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். போனுக்குள் வருகிறவனுக்கு மட்டும் வேறு சட்டமா?

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து நம் போனைத் திறந்து பார்க்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இன்று இஷாவுக்குப் பிறகு 10 நிமிடம் ஒதுக்குங்கள். செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போய் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். 'எந்நேரமும்' என்று இருப்பதைப் 'பாவிக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். பாங்குச் செயலியில் ஊரின் பெயரை நாமே தெரிவு செய்ய வழி இருந்தால் லொகேஷனை முழுதாக நிறுத்திவிடலாம். டோர்ச் லைட் செயலியும் கேம்களும் லொகேஷன் கேட்டிருந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

அந்த உம்மாவின் போனில் ஊரின் பெயரைப் போட்டுக் கொடுத்தோம். மஃரிப் பாங்கு நேரத்துக்குச் சரியாகவே சொன்னதாம். உங்கள் வீட்டில் உம்மா, வாப்பாமாரின் போன்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.