மைலேஜ் குறைந்தால் பழி ஓட்டுநருக்கா?

சிறிய எஸ்யூவிக்குச் சான்றிதழ் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்கிறது. சாலையில் கிடைப்பது 12. குற்றம் ஓட்டுநரின் வலது காலில்தான் என்ற வாதம் அந்த 18 எங்கே பிறந்தது என்பதைக் கேட்பதே இல்லை. இந்தியச் சான்றிதழ் எண் சாலையில் எடுக்கப்படுவதல்ல. சோதனைக்கூடத்தில் சக்கரங்களை உருளைகள்மேல் சுழலவிட்டு, ஏசியை அணைத்து, சுமார் 20 நிமிடம் ஓட்டிப் பெறுவது. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். மே மாத நாக்பூரில் ஏசி இல்லாமல் ஓட்டிக் காட்டுபவர் ஓட்டுநரைக் குறை சொல்லட்டும்.

அடுத்தது வண்டியின் உடல்வாகு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 90இலிருந்து 110க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உயர்ந்த, அகன்ற முகப்பு கொண்ட வண்டிக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல்.

வரிச்சலுகைக்காக நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடக்கப்பட்ட வண்டியின், 1,200 சிசிக்குள் அடங்கும் டர்போ பெட்ரோல் இஞ்சின், சோதனையின் மென்மையான முடுக்கத்தில் சிக்கனமாகவே இருக்கும். ஐந்து பேரோடு மலைப்பாதை ஏறும்போது டர்போ முழுமூச்சாக உழைக்கும். பெட்ரோலும் அதற்கேற்பக் கரையும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கான ஆற்றலும் சற்றுக் குறைவு.

டயர் காற்று, திடீர் முடுக்கம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அளவையே பிழையாக எடுத்துவிட்டு வழக்காடுவதில் பயனில்லை: டேங்கை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பி வகுப்பதே நம்பத்தக்க கணக்கு. டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் சற்றுத் தாராளமானது.